எழுபது சதவீத அனார்தைட்

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் பரமேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, பயம் அப்புறம்தான். இத்தனை வருஷம் கழித்து வந்து உட்கார்ந்தால், சொல்லிவைத்த மாதிரி இதுவும் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறதே. டயாப்சைடும் அனார்தைட்டும். இரண்டு கனிமங்கள், ஒரு வரைபடம். எழுபது சதவீதம் அனார்தைட் உள்ள பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும் விதத்தை வரைந்து விளக்க வேண்டும். நடுவில் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, அந்த நேரத்தில் படிகம் எவ்வளவு, குழம்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டரில், இதே ஹாலில், இதே பெட்ராலஜி என்கிற பாறையியல் பேப்பரில் அவளைக் கவிழ்த்துவிட்ட அதே கேள்வி. எண்ணைக்கூட மாற்றவில்லை, பாவிகள். முன் பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் பேங்க் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த ஒருத்தர். எல்லாரும் பழைய அரியர்காரர்கள். பல்கலைக்கழகம் மனமிரங்கிக் கொடுத்த கடைசி வாய்ப்பு இது, இன்றைக்கு விட்டால் விட்டதுதான். எல்லாம் அந்தப் பத்திரிகையால் வந்தது. அப்பாவுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. பரீட்சைதான் எழுதியாச்சே, பாஸ் ஆகாமல் எங்கே போகும் என்று ரிசல்ட் வருவதற்குள் கல்யாணப் பத்திரிகையில் செல்வி பரமேஸ்வரி, எம்.எஸ்ஸி. என்று தங்க எழுத்தில் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார். இப்போது மகள் நிவேதாவுக்குத் தையில் கல்யாணம். பிரஸ்ஸில் பெற்றோர் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கேட்டார்கள். இவள் வீட்டுக்காரர் குணசேகரன் யோசிக்கவே இல்லை, எம்.எஸ்ஸி. போடுங்க என்றார். வேண்டாங்க என்றாள். உங்கப்பா போட்டதுதானே, நானா புதுசாப் போடறேன், யாரு வந்து சர்டிபிகேட் கேக்கப் போறா என்றார். யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஒருத்தியைத் தவிர. முதல் பத்திரிகை கூடப் படித்த ஜெசிந்தாவுக்குத்தான் போக வேண்டும், ஜெசிந்தா அந்த மூன்று எழுத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அதனால்தான் இந்த வயதில் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி சேலத்துக்கு வந்து, பெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் போதாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள். கீழே ஒரு கோடு. இடது ஓரம் முழுக்க டயாப்சைடு, வலது ஓரம் முழுக்க அனார்தைட், நடுவில் இரண்டும் கலந்த கலவைகள். மேலே போகப் போகச் சூடு. இடது ஓரத்தில் ஒரு புள்ளி, அது டயாப்சைடு தனியாக உருகும் சூடு. வலது ஓரத்தில் இன்னும் உயரத்தில் ஒரு புள்ளி, அனார்தைட்டுக்கு. இரண்டிலிருந்தும் கோடுகள் வளைந்து இறங்கி வந்து கீழே ஓரிடத்தில் சேர வேண்டும். கை தானாகவே இறங்கியது. பெட்டியில் மடித்து வைத்த புடவை மாதிரி, மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது எல்லாம். சேரும் இடம் யூடெக்டிக் புள்ளி, பன்னெண்டு எழுபத்தி நாலு டிகிரி. ஆயிரத்து இருநூற்று எழுபத்து நாலு என்று சொன்னால் அவளுக்கு அது வேறு ஏதோ எண்ணாகத் தெரியும். பன்னெண்டு எழுபத்தி நாலு என்றால்தான் ஹாஸ்டல் மாடி, காயும் துணிகள், ஈரத் தலையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி படிக்கும் ஜெசிந்தா. ஏட்டி பரமு, எந்தப் பாறைய உருக்கினாலும் மொத சொட்டு ஒண்ணுதான் ட்டி. கலவை இப்படி இருந்தாலும் அப்படி இருந்தாலும் உருக ஆரம்பிக்கும்போது வாற மொத சொட்டு இந்தப் புள்ளில உள்ளதுதான். அப்புறம்தான் அது அது குணத்தக் காட்டும். தூத்துக்குடிப் பேச்சு. சேலத்துக்காரிகளுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. ஹாஸ்டலில் யாராவது வீட்டு நினைப்பில் கண்ணைக் கசக்கினால் போதும், மொத சொட்டு வந்துட்டு, பன்னெண்டு எழுபத்தி நாலு என்று அறைக்கு அறை அறிவித்துக்கொண்டு போவாள். அழுகிறவள் சிரித்துவிடுவாள். சித்தம்பூண்டிக்குப் பாறை பார்க்கக் கூட்டிப் போனபோது வெயிலில் வெள்ளைவெளேரென்று கிடந்தது பாறை, நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். எல்லாரும் குடையைத் தேட, ஜெசிந்தா மட்டும் மண்டியிட்டுப் பாறைமேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இது பூராம் அனார்தைட்டு ட்டி, ஒரு காலத்துல கொதிச்சிக் கெடந்தது, இப்ப பாரு, ஆடு மேயுது. சுடுதடி எந்திரி என்று இவள் இழுத்தாள். கன்னத்தில் பாறைப் பொடி ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டது இவள்தான். அந்தக் கன்னத்தின் சூடுகூட விரலில் இன்னும் இருக்கிறது போலத் தோன்றியது. என்ன நாட்கள் அவை. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி எப்போதும் லீவு. மீதி இரண்டு பேருக்கு ஒரு சுத்தியல், ஒரு லென்ஸ், ஒரு டிபன் பாக்ஸ். மேடம், கிராஃப் ஷீட் போதுமா என்று மேற்பார்வைக்கு வந்த பெண் கேட்டாள். நிவேதா வயதுதான் இருக்கும். போதும்மா என்று சொல்லிவிட்டுப் பரமேஸ்வரி எழுபதில் மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு போட்டாள்.

இந்தக் கோட்டை விட்டு மட்டும் நகரக் கூடாது. மொத்தப் பாறையின் கலவை இது. மேலே எல்லாம் குழம்பு, படிகம் ஒன்றும் கிடையாது. குளிர்ந்து இறங்கி வளைகோட்டைத் தொடும் இடத்தில் முதல் அனார்தைட் படிகம் பிறக்கிறது. படிகம் பிரியப் பிரிய மிச்சக் குழம்பில் அனார்தைட் குறைந்து டயாப்சைடு கூடுகிறது, அதனால் குழம்பு வளைகோட்டின் வழியே இடது பக்கமாகச் சறுக்கிக்கொண்டே யூடெக்டிக் வரை போகிறது. கொளம்புதான் ஊர் சுத்தும், மொத்தம் எங்கயும் போவாது. இது ஜெசிந்தா. யூடெக்டிக் வந்ததும் டயாப்சைடும் சேர்ந்து இறுக ஆரம்பிக்கும். அப்போது சூடு வெளியே போய்க்கொண்டே இருந்தாலும் வெப்பநிலை ஒரு துளி இறங்காது, கடைசிச் சொட்டுக் குழம்பு தீர்கிற வரைக்கும் அங்கேயே நிற்கும். எழுதிக்கொண்டே வந்த கை இந்த வரியில் தானாக மெதுவானது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் நின்றதும் அப்படித்தான். அடுத்த வருஷம் எழுதலாம் என்றாள், நிவேதா வயிற்றில். அதற்கடுத்த வருஷம் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அப்புறம் கடை, அப்புறம் வீடு கட்டியது, அப்புறம் கேட்பதற்கே யாரும் இல்லை. குறை சொல்லுவதற்கு ஒன்றுமில்லை, நல்ல மனுஷன், நல்ல குழந்தை. ஆனால் உப்புக்காரன் கொடுக்கிற கல்லுப்பைக் கையில் எடுத்தால் ஓரங்களைத் தடவிப் பார்ப்பாள். கோயிலில் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் தூணின் கல்லைப் பார்ப்பாள். சரி, போதும், நேரம் போகிறது. கணக்குக்கு வரவேண்டும். காலையில் பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது வேறு.

கேட்ட வெப்பநிலையில் படுக்கையாக ஒரு கோடு போட்டாள். அது இடது பக்கம் வளைகோட்டை அறுபதில் தொட்டது, அங்கே நிற்பது குழம்பு. வலது பக்கம் நூறில் ஓரத்தைத் தொட்டது, அங்கே நிற்பது படிகம். நடுவில் எழுபதில் மொத்தப் பாறை. எழுபதுக்கு இடது பக்கத்துத் துண்டு பத்து, வலது பக்கத்துத் துண்டு முப்பது. ஆக ஒன்று கால் பங்கு, மற்றது முக்கால் பங்கு. எது எது? இங்கேதான். சரியாக இங்கேதான் அன்றைக்கும் பேனா நின்றது. படிகம் வலது பக்கம் இருக்கிறது, வலது பக்கத்துத் துண்டு நீளம், அப்படியானால் படிகம் முக்கால். நியாயமாகத்தான் படுகிறது. நியாயமாகப் படுவதுதான் பயமாக இருந்தது. அல்லது எதிர்ப்பக்கத்துத் துண்டையா எடுக்க வேண்டும்? நெம்புகோல் விதி என்று பெயர் ஞாபகம் இருக்கிறது, விதி என்ன சொல்கிறது என்பது இல்லை. அன்றைக்கு எழுதியது தப்பு என்பது நன்றாகத் தெரியும், வெளியே வந்து எல்லாரும் விடையை ஒப்பிட்டபோது இவளுடையது மட்டும் தலைகீழ். ஆனால் எழுதியது முக்காலா, காலா? அது மறந்துவிட்டது. தப்பு செய்தது ஞாபகம் இருந்து, என்ன தப்பு என்பது மறந்துபோனால் அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. முக்கால் என்று எழுதினாள். அடித்தாள். கால் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். அன்றைக்கு மறந்திருக்க வேண்டிய காரணமே இல்லை, ஜெசிந்தா பார்க்கில் கொண்டுபோய் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த கணக்கு. ஆனால் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் அப்பா கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். பரீட்சை முடியட்டும்னு சொல்லு ட்டி, தலைல ஒண்ணு போதும் இப்ப என்றாள் ஜெசிந்தா. நல்லதுக்குத்தான் சொன்னாள். இவளுக்கு என்ன பிடித்ததோ, எந்தச் சனி நாக்கில் உட்கார்ந்ததோ, உனக்கு எவனும் அமையல, அந்த எரிச்சல்ல பேசற என்றாள். வந்து பார்த்த மூன்று இடமும் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனதை நடுராத்திரியில் இவளிடம் மட்டும் சொல்லியிருந்தவள் அவள். ஜெசிந்தா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளிலிருந்து தனியாக மெஸ்ஸுக்குப் போனாள். பரீட்சை ஹாலில் முன் பெஞ்சில் அவள் முதுகு. கணக்கு வந்ததும் பார்க் ஞாபகம் வந்தது, பார்க்கோடு அவள் முகமும் வந்தது, அந்த முகத்தைத் தள்ளிவிட்டபோது கணக்கும் சேர்ந்து போய்விட்டது. கல்யாணத்துக்கு வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று மேடையேறி, மாப்பிள்ளைக்கு வணக்கம் சொல்லிவிட்டு இவள் காதருகே, பத்திரிகைல டிகிரி போட்ருக்கு ட்டி, முடிச்சிரு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். குத்தலா, அக்கறையா என்று இன்று வரை தெரியவில்லை. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அவளாக ஒருநாள் எழுதுவாள் என்று காத்திருந்தாள் பரமேஸ்வரி. அவளாக ஒருநாள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள். கோபக்காரி, கோபம் தீர்ந்தால் வருவாள். போன மாசம் யாரோ வாட்ஸ்அப்பில் நம்பரைப் போட்டுவிட்டார்கள். பாஸ் பண்ணிவிட்டுத்தான் கூப்பிடுவது, வெறுங்கையோடு எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொண்டாள். இப்போது இந்தப் பாழாய்ப் போன பத்தும் முப்பதும்.

பார்க்கை நினை. முகம் வந்தால் வரட்டும், தள்ளாதே. மாநகராட்சிப் பூங்கா, சாயங்காலம், சுண்டல்காரன். குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடும் சீசா பலகை, பச்சைப் பெயின்ட் உரிந்து கிடந்தது. ஒரு முனையில் ஜெசிந்தா ஏறி உட்கார்ந்தாள், குச்சி மாதிரி உடம்பு. மறுமுனையில் பரமேஸ்வரி. அப்போதே நல்ல சதை. இவள் பக்கம் தொப்பென்று தரையில் இடிக்க, ஜெசிந்தா ஆகாயத்தில் நின்றாள், பாவாடையைப் பிடித்துக்கொண்டு. பெரிய பொண்ணுங்க இதுல ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் கத்தினார். இது பாடம்ங்க என்று மேலிருந்தபடியே பதில் சொன்னாள் ஜெசிந்தா. நடுவுல தாங்குற எடம்தான் மொத்தப் பாறை. ஒரு பக்கம் கொளம்பு, ஒரு பக்கம் படிகம். ரெண்டும் சமமா நிக்கணும், அதான் கணக்கு. அப்புறம் யாரோ ஒருத்தி நகர்ந்தாள், பலகை மட்டமாக நின்றது. யார் நகர்ந்தது? ஜெசிந்தாதான் நகர்ந்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பின்னால் தள்ளித் தள்ளித் தூரமாகப் போனாள், இவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆனால் ஜெசிந்தா முதலிலேயே முனையில்தானே உட்கார்ந்திருந்தாள், ஆகாயத்தில் நின்றதே அந்த முனைதானே. அதற்கும் பின்னால் எங்கே போவது. இல்லை, அவள் நகரவில்லை. பரமேஸ்வரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வேலிக்கு வெளியே கெமிஸ்ட்ரி பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நகர்ந்தால் குண்டு என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நீ பின்னாடி போடி என்றாள், இதே வாயால். மேலே தொங்கிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். நீதான் முன்ன வரணும் ட்டி பரமு. நான் இனி பின்னால போவ எடமில்ல.

ஹாலில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு நாற்காலி இழுபட்டது. அன்றைக்கு இவள்தான் நகர்ந்தாள், வெட்கத்தை விட்டு, பலகையின் நடுப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பேர் காலும் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும் வரைக்கும். கனத்தவள் நடுவுக்குக் கிட்ட. லேசானவள் தூரத்தில். கிட்ட இருப்பதுதான் அதிகம். எழுபதுக்குக் கிட்ட இருப்பது எது, அறுபது, அதாவது குழம்பு. ஆகவே குழம்பு முக்கால், படிகம் கால். ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்துத் துண்டு. பரமேஸ்வரி எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள், கோட்டுக்குக் கீழே நடுவில் பலகையைத் தாங்கும் சின்ன முக்கோணத்தைக்கூட வரைந்தாள். எழுதி முடித்த பிறகும் அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போக இடமில்லாதவளைப் பார்த்து, அவள்தான் வரவேண்டும் என்று கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்தாயேடி. அன்றைக்குக் கெமிஸ்ட்ரி பையன்கள். இன்றைக்கு யார் நிற்கிறார்கள் வேலிக்கு வெளியே? யாரும் இல்லை. பாஸ் பண்ணிவிட்டுக் கூப்பிடுகிறாளாம், பாஸ் பண்ணிவிட்டு. ரிசல்ட்டுக்கும் அன்றைக்கு நாக்கு பேசியதற்கும் என்ன சம்பந்தம். மணி அடித்தது. தாளை வாங்கிக்கொண்ட பெண், நல்லா எழுதினீங்களா மேடம் என்றாள். கடைசிக் கேள்வி மட்டும் நல்லா எழுதினேன், மத்ததெல்லாம் தெரியலம்மா என்று உள்ளதைச் சொன்னாள்.

வாசலில் வேப்ப மரத்தடியில் குணசேகரன் நின்றுகொண்டிருந்தார், கையில் தண்ணீர் பாட்டில். கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறார், சொல்லவேயில்லை. பத்திரிகையில போட்டுரலாமா என்று கேட்டார். இருங்க, ஒரு போன் பேசிட்டு வந்தர்றேன் என்று கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நம்பரை அழுத்தினாள். நாலைந்து தரம் அடித்தது. எடுக்க வேண்டாம் என்றுகூட ஒரு கணம் வேண்டிக்கொண்டாள்.

"ஹலோ, யாரு?"

"ஜெசி. நான் பரமு."

அந்தப் பக்கம் ஏதோ மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"எந்தப் பரமு?" குரலில் அந்தத் தூத்துக்குடி இழுப்பு அப்படியே இருந்தது. தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள்.

"பெட்ராலஜி அரியர் பரமு. இப்பதான் எழுதிட்டு வெளிய வந்தேன். ரிசல்ட் வந்தப்புறம் கூப்பிடலாம்னு இருந்தேன். முடியல."

மிக்ஸி ஜாரைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன கேட்டிருந்தான்?"

"டயாப்சைடு அனார்தைட். மொத்தம் எழுபது, குழம்பு அறுபதுல நிக்குது."

"படிகம் எவ்வளவு போட்ட?"

"கால்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுகிறாள் என்று பரமேஸ்வரிக்குத் தெரிந்தது. அப்போதும் அப்படித்தான் போடுவாள்.

"சரிதான்" என்றாள் ஜெசிந்தா.

"ஜெசி, அன்னிக்கு ஹாஸ்டல்ல நான் உன்னய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வேணும்னேதான் சொன்னேன். ரொம்பத் தப்பு."

"ஏட்டி" என்றாள். அப்புறம் கேட்டாள். "சாப்ட்டியா?"

பரமேஸ்வரி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாக முதல் சொட்டு வந்துவிட்டது.